முதுகில் ஐந்து விரல்

தரங்கம்பாடி, உப்பனாற்றுத் துறை.
கவர்னர் மாளிகையில் ஆட்டம் முடிந்த மறுநாள்
கழுதை மேல் வரும் மூட்டையில்
முதலில் நான் பிரிப்பது கையுறைகளை.

யார் ஆடினார், யாரோடு, எத்தனை நேரம் என்று
சவரிராயன் கதை சொல்வான்,
அங்கே மெழுகுத்திரி ஏற்றுகிறவன்.
கேட்டுக்கொள்வேன்.
எனக்குக் கையுறை போதும்.

விரல் நுனி மட்டும் பழுத்திருந்தால்
அது மினுவெத்து.
நீட்டிய கையை நுனியால் தொட்டு
குனிந்து, விலகி, மறுபடி குனிந்து
தேர் நிலைக்கு வருவதுபோல்
அவசரமே இல்லாத ஆட்டம்.
உள்ளங்கை வரை ஈரம் ஏறியிருந்தால்
எட்டுப் பேர் கைகோர்த்துச் சுற்றியது.
திராட்சைச் சாராயக் கறை கிழவர்களுடையது.
ஒரு ஜோடி மட்டும் வருஷம் தவறாமல்
போனபடியே திரும்பி வரும்,
மடிப்புக் கலையாமல், வியர்வை இல்லாமல்.
கிடங்குக் கணக்கரின் தங்கையுடையது.
அதையும் வெள்ளாவியில் வைப்பேன்.
ஆடாத உறைக்கும் கூலி ஒன்றுதான்.

தொடக்கத்தில் நான் தப்புச் செய்தவள்.
ஆட்டுத்தோல் என்று தெரியாமல்
உவர்மண்ணில் அவித்துவிட்டேன்.
தளபதியின் கை
தொட்டில் பிள்ளையின் கையாகச் சுருங்கிப்போனது.
மூன்று மாதக் கூலி பிடித்தார்கள்.
என் புருஷன் பாவாடை
(அவன் பேரே அதுதான், சிரிக்காதீர்கள்,
துரைசாணிகளின் பாவாடைகளை எண்ணி எண்ணி
அவனே சிரித்து ஓய்ந்துவிட்டான்)
அந்தக் குட்டி உறையைச் சுண்டுவிரலில் மாட்டி
கழுதைக்கு சலாம் வைத்தான்.

அந்தத் தை மாதம் கப்பல் வந்தது.
வந்த பத்தாம் நாள் ஆட்டம்.
மறுநாள் மூட்டையில் வெள்ளைப் பட்டுக் கவுன் ஒன்று.
விளிம்பில் சுண்ணாம்பு, அது வழக்கம்தான்.
வழுக்காமலிருக்கப் பலகைத் தரையில் பூவெழுதி
அந்தப் பூவின் மேலேயே ஆடுவார்கள்.
திருப்பினேன்.
இடுப்புக்கு மேலே, முதுகில்,
ஐந்து விரல்.
முழு உள்ளங்கை.
நெடுநேரம் ஈரமாய் இருந்து காய்ந்த கை.

இருபது வருஷத் துணியில்
நான் பார்க்காத கறை.

“வால்சு என்கிறார்கள்” என்றான் சவரிராயன்.
“வாலும் இல்லை தலையும் இல்லை, சுற்றல்தான்.
இரண்டிரண்டு பேராய், கட்டிக்கொண்டு.
பாதிரி பாதியில் எழுந்து போய்விட்டார்.”

அன்று மாலை அவளே வந்தாள், யோஹன்னா அம்மாள்,
துறை வரைக்கும், குடையோடு, தனியாக.
கோட்டை வாசல் தாண்டி எங்கள் பக்கம்
அந்தச் செருப்பு வந்ததே இல்லை.
தமிழ் அவளுக்கு எண்ணிப் பத்துச் சொல்.
கவுனைக் காட்டி, திரும்பித் தன் முதுகைக் காட்டி
“போகுமா” என்றாள்.
போகும் என்றேன்.
எலுமிச்சை, வெயில், இரண்டு பணம்.
நின்றாள்.
“போகவேண்டாம்” என்றாள்.
பிறகு, “போகட்டும்.”

நாங்கள் கும்மிக்கு வட்டம் போட்டால்
என் கை என் கையைத்தான் தட்டும்.
பக்கத்துக்காரி மேல் முந்தானை கூடப் படாது.
ஆம்பளைகள் தனியாகக் கோலடிப்பார்கள்,
கோலைக் கோல் தொடும்.
நான் வெளுத்த துணியைச் சாமிக்குச் சாத்துவார்கள்.
வெளுத்த கையை வாசலிலேயே நிறுத்துவார்கள்.
தொடுவதற்கு இந்த ஊரில்
ஆளுக்கொரு உறை இருக்கிறது,
சிலது கண்ணுக்குத் தெரியாது.

இதையெல்லாம் அவளிடம் சொல்ல
அவளுடைய பத்துச் சொல் போதாது.

அப்போது ஆற்றுக்குள்ளிருந்து பாவாடை
நீளமான மேசை விரிப்பின் ஒரு முனையை வீசினான்.
பிடித்தேன்.
அவன் ஒரு பக்கம் முறுக்க, நான் எதிர்ப்பக்கம்.
துணி குறுகக் குறுக
அவன் ஓரடி, நான் ஓரடி,
தண்ணீர் கொட்டக் கொட்டக் கிட்ட வந்து
விரல்கணுவும் விரல்கணுவும் இடித்துக்கொண்டன.
தினமும் நாற்பது தடவை செய்வதுதான்.
குடைக்குக் கீழே அவள் அசையவில்லை.
“இது பேர் என்ன?”
“பிழிகிறது” என்றேன்.

சனிக்கிழமை கவுனைக் கொடுத்தனுப்பினேன்.
கறை இருந்த இடம் எனக்கு மட்டும் தெரியும்.

மாசியில் இன்னொரு ஆட்டம்.
கணக்கர் தங்கையின் உறை
மடிப்புக் கலையாமலே வந்தது.
கவுன்களில், எண்ணினேன்,
பதினோரு முதுகு.
சந்தையில் எலுமிச்சை விலை ஏறிவிட்டது.